விஜயதசமி காலையில் ஊமையான கட்டைகள்

‘ச’ அழுத்தினேன். சத்தம் வரவில்லை.

குளித்து, திருநீறு பூசி, அம்மா கற்பூரம் காட்டி முடிக்கும்வரை கைகட்டி நின்றிருந்தேன். முந்தின நாள் சரஸ்வதி பூஜையில் வைத்திருந்த கீபோர்டின் மேலிருந்து பட்டுத்துண்டை எடுத்து மடித்து வைத்தேன். விஜயதசமியன்று முதல் ஸ்வரத்தை நல்லபடியாக ஆரம்பிக்க வேண்டுமென்று பக்தியோடுதான் அழுத்தினேன். கட்டை கீழே போனது, மேலே வந்தது. விளக்கு எரிகிறது. சின்னத் திரையில் எழுத்து ஓடுகிறது. சத்தம் மட்டும் இல்லை.

அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஒரு பக்கம் பொரி, பொட்டுக்கடலை. இன்னொரு பக்கம் அப்பாவின் டிராக்டர் ஸ்பேனர்கள், அம்மாவின் கதிரரிவாள், அக்காவின் தையல் மிஷின். எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம். நடுவில் ஊமையாக என் கீபோர்டு.

“வால்யூமைக் கூட்டு மாப்ள” என்றார் அக்காவைக் கட்டிய மச்சான்.

கூட்டினேன். இன்னொரு தடவை அழுத்தினேன். பொரியை அள்ளிக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது.

போன வாரம் இந்தப் பத்தியில், கல்லூரிக்கு முதல் நாள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு போன கதையை எழுதியிருந்தேன். மச்சான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். “எல்லாத்துலயும் அவுக அப்பாவப் பத்தியே எழுதுறான். நான் இவனுக்கு ஒண்ணுமே செய்யலையாமா?” என்று கேட்டாளாம்.

செய்தாய் அம்மா. இந்த வாரம் முழுக்க நீ செய்ததுதான்.

அப்பாவிடம் கொடுத்த வாக்கு

இது நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு அரிமளத்தில் வீட்டோடு இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தன் டிகிரி வாங்கிவிட்டு, “நான் கீபோர்டு கிளாஸ் நடத்தப் போறேன்” என்றால் எப்படி இருக்கும்?

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

“ஓசூருல நம்ம சித்தப்பா மகன் கம்பெனியில ஆள் எடுக்குறாகளாம். பேண்ட் சட்டை போட்டுக்கிட்டு நின்னு பாக்குற வேலைதானாம்” என்றார்.

“ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்குறேம்ப்பா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி. விஜயதசமிதான் புள்ளைகளச் சேக்குற நாளு. அன்னைக்கு ஒரு புள்ளயாச்சும் ஒங்கிட்ட வந்து சேரட்டும். சேந்தா நான் வாயத் தெறக்கல. சேரலைன்னா ஓசூருக்குப் பஸ் ஏறிரு.”

ஒரே ஒரு பிள்ளை. அவ்வளவு இறங்கி வந்தார் மனிதர். ஆனால் அந்த ஒரு பிள்ளையைப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கேட்டவர்களெல்லாம் “புதுக்கோட்டையில பெரிய கிளாஸே இருக்கே தம்பி” என்றார்கள். கடைசியில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சேகர் அண்ணன் மட்டும், “எம் மக யாழினியக் கூட்டிட்டு வாரேன். மொத நாளு சத்தம் நல்லா இருக்கணும், பாத்துக்க” என்றார்.

சத்தம் நல்லா இருக்கணுமாம்.

படித்தவன் பட்ட பாடு

முதலில் படித்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. தெருவில் எது நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மிக்ஸி ஓடவில்லை, செட்டாப் பாக்ஸில் படம் வரவில்லை, ஏ.டி.எம். கார்டை மிஷின் முழுங்கிவிட்டது, எல்லாவற்றுக்கும் “படிச்ச புள்ளயக் கூப்பிடு”தான். ஒரு தடவை பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட முடியாமல் கிடந்ததற்கும் ஆள் வந்தது. பிசிக்ஸில் அதற்குப் பாடம் இல்லை என்று சொன்னேன். “அப்பறம் என்னத்தப் படிச்ச?” என்று கேட்டுவிட்டுப் போனார் அந்த வீட்டுச் சித்தி.

அதனால் அன்று காலை என் கீபோர்டே செத்துப்போனபோது, வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தது நியாயம்தான்.

வரிசையாகப் பார்த்தேன். அடாப்டரைப் பிடுங்கிச் செருகினேன். ஹெட்போன் ஓட்டையில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று ஊதினேன். ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டால் பெட்டி வெளியே பாடாது. அதுவும் இல்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் ரீசெட்டையும் போட்டேன்.

“பிளக்கைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சியா?” என்றார் மச்சான்.

மச்சான் திருக்கோகர்ணத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். பூஜைக்காக அக்காவையும் ஆட்டோவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உலகத்தில் எல்லாமே அவருக்கு ஆட்டோதான்.

“மச்சான், இதுல பிளக்கு கிடையாது.”

“பிளக்கு இல்லாம எப்புடிறா ஸ்டார்ட் ஆகும்? தள்ளு, நான் பாக்குறேன்.” ரெண்டு கையையும் விரித்து, புரோட்டா மாவில் அடிப்பதுபோலக் கட்டைகள் மேல் ஒரு அடி.

‘ஙொய்ங்’ என்று பெருஞ்சத்தம் வந்தது! அம்மா பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“பாத்தியா, ஸ்டார்ட் ஆயிருச்சு” என்றார்.

ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்தது. எல்லாக் கட்டையும் சாகவில்லை. சில பேசுகின்றன, சில பேசவில்லை.

அலைபேசி வைத்தியர்

இந்தக் கீபோர்டு வந்த கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். திருமயம் பக்கம் ஒரு கச்சேரிக் குழுக்காரர் புதுசு வாங்கியதால் பழசைத் தள்ளிவிட்டார். திருவிழா மேடைகளில் கிடந்து அடிபட்டது. ஊதுபத்தி சுட்ட தழும்பு ஒன்று அதில் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஈரத்துணி கொண்டு துடைத்துத் துடைத்து அதன் நிறத்தையே மாற்றிவிட்டாள். எதையும் துடைக்காமல் அவளுக்கு இருக்க முடியாது. டிராக்டரின் டயரைக்கூடத் துடைப்பாள். இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனேன். கீபோர்டில் பன்னிரண்டு கட்டை ஒரு கூட்டம். ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு. அந்தக் கூட்டமே திரும்பத் திரும்ப வரும். முதல் கூட்டத்தில் எந்தெந்தக் கட்டை ஊமையோ, ரெண்டாவதிலும் அதே கட்டைகள் ஊமை. மூன்றாவதிலும் அதே. கடைசிவரை ஒரு பிசகு இல்லை.

அலைபேசியில் தேடினேன். இங்கிலீஷில் ஒருத்தர் பொறுமையாக விளக்கினார். ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் பேசாவிட்டால் அழுக்கோ தண்ணீரோ போயிருக்கிறது, சுத்தம் செய்தால் சரியாகும். ஒரே மாதிரி இடைவெளியில் திரும்பத் திரும்பப் பேசாவிட்டால் உள்ளே சர்க்யூட் போர்டு போயிருக்க வாய்ப்பு அதிகம், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

சர்வீஸ் சென்டர் திருச்சியில். அன்று அரசு விடுமுறை. யாழினி வரும் நேரமோ நெருங்கிவிட்டது.

“என்னடா சொல்றான் அவன்?” என்றார் மச்சான்.

“இன்ஜின் போச்சுங்கிறான் மச்சான்.” அவருக்குப் புரியும் பாஷையில் சொன்னேன். அவர் துக்க வீட்டில் தோள்துண்டை எடுப்பதுபோல ஆட்டோ சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் கேட்காததுபோலக் கேட்டார். “ஓசூரு பஸ்ஸு திருச்சி போய்த்தான் ஏறணுமோ?”

சத்தமில்லாத சரளி

அப்போது நான் செய்ததை யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். கவலை வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், எனக்கு விரல் தானாக ஓடும். அந்த ஒரு மாதமாக நான் ஓயாமல் வாசித்ததெல்லாம் ஆரம்பப் பாடமான சரளி வரிசைதான். கர்நாடக சங்கீதத்தில் அதை மாயாமாளவகௌளை என்ற ராகத்தில்தான் தொடங்குவார்கள். ஏழு ஸ்வரம், ஏழு கட்டை. பிள்ளைகளுக்குப் பிசகாமல் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று கீழிருந்து மேல்வரை எல்லாக் கூட்டத்திலும் வாசித்துக்கொண்டிருந்தேன். தெருவில் போகிறவர்கள் “அந்தப் பையன் ஒரே பாட்டத்தான் பாடிக்கிட்டு இருக்கான்” என்று சொல்லும் அளவுக்கு.

அன்றும் விரல் அதிலேயே போனது. ச ரி க ம ப த நி ச. மேலே போய்க் கீழே வந்தேன். ஒரு சத்தம்கூட வரவில்லை.

இன்னொரு தடவை போனேன். ஒன்றுகூட இல்லை.

இது எப்படி? பன்னிரண்டில் ஐந்து கட்டை நன்றாகப் பேசுகிறது என்று இப்போதுதானே பார்த்தேன்? ஒரு பாடம் முழுக்க வாசித்தும் தப்பித் தவறிக்கூட ஒன்று பேசவில்லை என்றால்…

ஊமைக் கட்டைகளை எண்ணினேன். கூட்டத்துக்கு ஏழு. அந்த ஏழும் சரளி வரிசைக்கு என் விரல் தொடும் ஏழு. நான் தொடாத ஐந்தும் உயிரோடு.

போர்டு கெட்டுப்போகும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த போர்டும் ராகம் பார்த்துக் கெட்டுப்போகாது.

இது மனிதர் செய்த வேலை. அதுவும் என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர். டார்ச்சை அடித்துக் கட்டைகளின் மேல்நுனியைப் பார்த்தேன். கட்டை பெட்டிக்குள் நுழைகிற அந்தச் சந்தில், ஊமைக் கட்டைகளுக்கு மட்டும், மெல்லிசாகச் சிவப்பு.

“அம்மா, இதுக்குப் பொட்டு வச்சியா?”

“நீதானப்பா வச்ச.”

“நான் பெட்டி மேல ஒண்ணே ஒண்ணுதான் வச்சேன். கட்டைக்கு யார் வச்சா?”

அம்மா முந்தானையைத் திருகினாள். “நேத்து நீ பொரி வாங்கப் போயிருந்தயா… அம்புட்டுப் பெரிய சாமானுக்கு ஒத்தப் பொட்டு வச்சா நல்லாவா இருக்கு? டிராக்டருக்கு நாலு சக்கரத்துக்கும் வைக்கிறோம்ல? அதான் துண்டத் தூக்கி நான் வச்சேன்.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும் எதுக்கு? நீ தொடுறதுக்கு மட்டுந்தான். ஒன் வெரலு அங்கிட்டு ஓரத்துலருந்து இங்கிட்டு ஓரம் வரைக்கும் எதுல போயிட்டு வருதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? மத்ததெல்லாம் சும்மாக் கெடக்கு. ஒனக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னு மேலாக்க ஓரத்துலதான் வச்சேன். காலையில பாத்தா வெள்ளக் கட்டையெல்லாம் செவப்புக் கறை. நீ எந்திரிக்கிறதுக்குள்ள ஈரத்துணியப் போட்டுத் தொடச்சு விட்டுட்டேன்.”

சந்தனம், குங்குமம், ஈரத்துணி. மூன்றும் குழம்பாகி எங்கே இறங்கியிருக்கும் என்று பிசிக்ஸ் படிக்காதவருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாவுக்கு ஸ்வரம் தெரியாது, ராகம் தெரியாது. அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, பன்னிரண்டில் ஏழை ஒன்றுகூடத் தவறாமல் எடுத்திருக்கிறாள். நான் அதைப் படிக்கத் திருக்கோகர்ணத்துக்கு எத்தனை நாள் டவுன் பஸ்ஸில் தொங்கியிருக்கிறேன்!

அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

ஆதார் கார்டில் பொட்டு

சேகர் அண்ணன் தட்டில் பழம், பூ, வெற்றிலையோடு வந்தார். பட்டுப்பாவாடையில் யாழினி. இரண்டாவது படிக்கிற வயசு, கண்ணில் மட்டும் ஹெட்மாஸ்டர் களை.

“வாங்க, வாங்க” என்று மச்சான் முந்திக்கொண்டார். “வண்டி கொஞ்சம் சர்வீஸ்ல…”

“அண்ணே, பாதிக் கட்டைக்கு மேல பேசல” என்று நான் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. “இன்னைக்கா? நல்ல நாளும் அதுவுமாவா?”

அம்மா முன்னால் வந்தாள். “எம் மகன் மேல ஒண்ணும் இல்லங்க. நாந்தான் கட்டைக்குப் பொட்டு வச்சுத் தொடச்சேன். உள்ள போயிருச்சு.”

சேகர் அண்ணன் அம்மாவைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அக்கா, நீங்களுமா? கடை தெறந்த மொத வருசம் எங்க வீட்டம்மா ஜெராக்ஸ் மிஷினுக்குப் பொட்டு வச்சாக. எங்க வச்சாக தெரியுமா? மூடியத் தெறந்து கண்ணாடியில. நான் கவனிக்கல. மறுநாளு எடுத்த ஆதார் காப்பி அம்புட்டுலயும் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு! வாட்டசாட்டமான ஆம்பளைக எல்லாம் பொட்டோட தாலுகா ஆபீஸ் போய் நிக்கிறாக.”

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். “நான் ஒரு வருசம் மீட்டருக்கு வச்சேன். அதுலருந்து அது ஓடவே இல்ல.”

“அது முன்னாடியே ஓடாதுல்ல?” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் சேகர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எல்லாஞ் சரி தம்பி. ஆனா இன்னைக்குச் சத்தமில்லாம எப்புடி ஆரம்பிக்கிறது? திரும்பிப் போனா வீட்டுல ஏசுவாக. புதுக்கோட்டையிலயும் இன்னைக்குச் சேக்குறாக…”

அப்பா எழுந்து நின்றார். ஓசூர் பஸ்ஸின் ஹாரனே எனக்குக் கேட்டுவிட்டது.

மிச்சம் இருந்த ஐந்து

“ஒரு நிமிசம் அண்ணே” என்று கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

உயிரோடு இருந்தவை ஐந்து. நான் ஒருநாளும் சேர்த்துத் தொடாத ஐந்து. கையில் இருப்பது அவ்வளவுதான் என்றால் அதைத்தான் வாசிக்க வேண்டும். இருக்கிறதில் முதல் கட்டையை ‘ச’ என்று வைத்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறினேன்.

அது ஓட்டை ஒடிசலாக இல்லை. கோயில் நடை திறக்கும் நேரத்தில் நாயனத்தில் கேட்கிற மாதிரி ஒரு காலை நேரத்துச் சங்கீதம். ஐந்து ஸ்வரமும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டன. அதற்கு ரேவகுப்தி என்று பெயர் இருப்பதும், அது மாயாமாளவகௌளைக்கே பிறந்த பிள்ளை என்பதும் அன்று எனக்குத் தெரியாது. பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அம்மா ஏழு கட்டைகளை மூடிவிட்டு, அந்த ராகத்தின் குழந்தையை எனக்காக மிச்சம் வைத்திருந்தாள்.

மேலே போனேன், கீழே வந்தேன், கொஞ்சம் வளைத்து வளைத்து வாசித்தேன். நிறுத்தியபோது அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“இதுதான் பேசாத பெட்டியா?” என்றார் சேகர் அண்ணன்.

யாழினி பக்கத்தில் வந்து, ஊமைக் கட்டை ஒன்றை அழுத்திப் பார்த்தாள். பிறகு உயிர்க் கட்டையை அழுத்தினாள். யோசித்தாள்.

“அப்பா, இதுல அஞ்சுதான் இருக்கு. சீக்கிரம் படிச்சுரலாம். இங்கயே சேத்து விடுங்க.”

அவள் விரலைப் பிடித்து முதல் கட்டையில் வைத்தேன். “ச” என்றேன். “ச” என்றாள். பெட்டியும் சொன்னது.

அப்பா வாசலுக்குப் போய் அலைபேசியில் சத்தமாகப் பேசினார். “இல்லப்பா, ஓசூருக்கு வரல. இங்க ஒரு புள்ள சேந்துருச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நல்லா வாசிக்கிறான்ப்பா” என்றார். அதை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வைத்தவள் எடுத்தாள்

சேகர் அண்ணன் கடையிலிருந்து மிஷின் துடைக்கிற ஸ்பிரிட் பாட்டிலை அனுப்பி வைத்தார். மத்தியானம் கீபோர்டைக் கவிழ்த்துப் பிரித்தோம். திருகுகளை அம்மா பூஜைத் தட்டில் வாங்கிக்கொண்டாள். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் கீழே சின்ன ரப்பர்க் குமிழ், அதன் வயிற்றில் கறுப்புப் புள்ளி. கட்டையை அழுத்தினால் அந்தப் புள்ளி கீழே பட்டு, சத்தம் பிறக்கும். புள்ளி மேலெல்லாம் காய்ந்த சந்தனப் பொருக்கு.

“குடு, நான் வச்சத நானே எடுக்குறேன்” என்று அம்மா பஞ்சைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தொட வந்த கையைப் பிடித்து ஸ்பிரிட்டைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மச்சான் திருகு முடுக்கினார். கடைசியில் ஒரு திருகு மிச்சமாகிவிட்டது. “ஒண்ணு மிஞ்சுனாத்தான் வேலை சரியா நடந்துருக்குன்னு அர்த்தம்” என்றார்.

சாயங்காலம் எல்லாக் கட்டையும் பேசின. அந்தத் திருகு இன்றுவரை எந்த இடத்துக்கு என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. அதற்குள் யாழினிக்குக் கூட்டாளிகள் சேர்ந்து வீட்டு முன்னறை நிறைந்திருந்தது. கீபோர்டைத் துடைத்து, துண்டு போர்த்தி, நாலு பக்கமும் முடிச்சுப் போட்டு வைத்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கை வைக்க இடமில்லை. பாவமாக இருந்தது.

“இங்கிட்டு வா” என்றாள். “கைய நீட்டு.”

நீட்டினேன். ஒவ்வொரு விரல் நுனியிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். பத்துக்கும் வைத்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

“காலையில நல்லாக் கழுவி, ஈரம் போகத் தொடச்சுட்டுத் தொடு” என்றாள். “உள்ள எறங்குச்சுன்னா ரப்பருல போய் ஒக்காந்துக்கும்.”